மரத்த பாதமும் மரத்த ஆட்சியும்

புத்தளத்து உப்பளத்திலும் கற்பிட்டிக் கரையிலும் வெறுங்காலோடு உழைக்கும் தோழன் நீரிழிவால் காலை இழந்தால், அது தலைவிதியாம்! யார் எழுதிய விதி? தொழுநோயாளர் பாதம் தானாக அழுகுவதில்லை, வலியுணர்வற்ற பாதத்தின்மேல் ஓயாது விழும் அழுத்தமே அதைப் புண்ணாக்குகிறது என்று வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1950களிலேயே ஆராய்ந்து காட்டினார். மெத்தென்ற றப்பர்ச் செருப்பு அப்பாதங்களைக் காத்தது. நீரிழிவால் மரத்த பாதத்திற்கும் அதே நியாயந்தான். உணர்வு உண்டா என்றறிய மாளிகை வேண்டா, மின்பொறி வேண்டா. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை ஒன்று போதும். (நைலோன் வலை வீசுவோன் ஊரில் நைலோன் இழைக்கா பஞ்சம்!) ஆண்டுக்கொரு முறையேனும் நீரிழிவாளர் ஒவ்வொருவரின் பாதத்தையும் அவ்விழையால் தொட்டுப் பார்ப்பது கிராம வைத்தியசாலையின் கடமை. காலை வெட்டும் சத்திரசிகிச்சைக்குப் பணம் தரும் அரசே, செருப்புக்கு எவ்வளவு ஒதுக்கினாய்?