நாற்பதாம் திருப்பாடலும் கிதாரும்

ராக் பாட்டு என்றாலே சாத்தானின் சத்தம் என்று எங்கள் பங்கில் சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அயர்லாந்தின் யூ2 குழு 1983இல் வெளியிட்ட 'வார்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பெயரே '40'. சேற்றுக் குழியிலிருந்து தூக்கிவிடப்பட்டவன் நன்றி சொல்கிற நாற்பதாம் திருப்பாடல்தான் அது. (பழைய லத்தீன் கணக்கில் முப்பத்தொன்பது! பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.)

பாடகர் போனோ நன்றியோடு நிறுத்தவில்லை. 'இன்னும் எத்தனை காலம்' என்று ஆறாம் திருப்பாடல் கேட்கிற கேள்வியைப் பல்லவியில் வைத்துவிட்டார். 1980களில் கச்சேரிகளை இந்தப் பாட்டோடு முடிப்பார்கள். குழுவினர் ஒவ்வொருவராக மேடையைவிட்டுப் போன பிறகும் ஜனங்கள் பாடிக்கொண்டே இருப்பார்களாம்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும், பார்க்க வந்தவர்கள் "எல்லாம் நன்மைக்கே" என்றார்கள். அது என்னைத் தேற்றவில்லை. ராத்திரியில் பேரனின் போனில் கேட்ட அந்தக் கேள்விதான் தேற்றியது. ஆண்டவரிடம் முறையிடுவதும் ஜெபம்தான் என்று எந்தப் பிரசங்கமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இந்தப் பாட்டில் இரைச்சலும் அதிகமில்லை; பேஸ் கிதார்தான் முன்னால் நிற்கிறது. அவர்களுடைய மற்ற பாட்டுகளுக்கு வேண்டுமானால் காது மெஷினைக் கழற்றிவைத்துக்கொள்ளலாம்.