விரல் கணக்கு

சென்ற மாதம் ஃபரீதாபாத்திலிருந்து நம் சங்கத்தை நாடி வந்த இளைஞர் ஒருவர், வலக்கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே பேசினார். பவர் பிரஸ்ஸில் இரு விரல்களை இழந்தவர். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் விசாரித்தபோதுதான், ஆலையிலிருந்து விபத்து அறிக்கையே வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்ததாம். ரயில்வே ஏடுகளோடு காலந்தள்ளும் நமக்கு, இது பொறுக்கக்கூடியதாக இல்லை.

பதிவேடு என்பது நிவாரணத்துக்கு மட்டும் உரியதன்று. எந்த இயந்திரம், எந்த வேளை, என்ன வேலை என்று மூன்று விபத்துகளை ஒழுங்காய் எழுதிவைத்தால், நான்காவது எங்கே காத்திருக்கிறதென்று புலப்பட்டுவிடும். ஒருமுறை மிதித்தால் இருமுறை இறங்கும் பிரஸ், ஏட்டில் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். பின்னர் செய்ய வேண்டியது யாவருமறிந்ததே. கால் மிதியை நீக்கி, இரு கைகளாலும் ஒருங்கே அழுத்தும் பொத்தான்களை வைக்கலாம். கை குறுக்கிட்டால் இயந்திரத்தை நிறுத்தும் சென்ஸாரைப் பொருத்தலாம். ஏட்டில் ஏறாத விபத்துக்கோ ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற ஒரே காரணந்தான்!

அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைமையை 1987-இல் ஏற்ற பால் ஓநீல், காயம் எதுவாயினும் 24 மணி நேரத்தில் தமக்கு எட்டவேண்டும், மீண்டும் நேராதிருக்க வழியும் உடன் வரவேண்டும் என்று விதித்தார். வேலைநாளை இழக்கச் செய்யும் காயங்கள், ஆண்டில் 100 தொழிலாளருக்கு 1.86 என்றிருந்தது, அவர் விலகிய 2000 வாக்கில் 0.2 அளவுக்கு இறங்கியது.

இங்கே அந்தக் கணக்கைக் காயமுற்றோரிடமே கேட்டு எழுத வேண்டியிருக்கிறது. ‘ஸேஃப் இன் இந்தியா’ என்னும் தொண்டு நிறுவனம் 2019 முதல் வெளியிட்டுவரும் ‘கிரஷ்டு’ அறிக்கைகள் அத்தகையவை. மானேசர், ஃபரீதாபாத் வட்டாரத்து மோட்டார் உதிரிபாக ஆலைகளில் விரலிழப்போரையும், அவர்களுள் பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை விபத்துக்குப் பின்னரே கிடைப்பதையும் அவற்றில் காண்கிறோம்.

ஆகவே, ஆலை வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியுள்ள இல்லத்தார் அவர்களுடைய ஈ.எஸ்.ஐ. எண்ணை இன்றே கேட்டு வாங்குங்கள். காயம் சிறிதாயினும் தேதி, நேரம், இயந்திரம், அருகிலிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மருத்துவமனையில் ‘வீட்டில் பட்டது’ என்று சொல்லும்படி மேஸ்திரி வற்புறுத்தினாலும் இணங்காதீர்கள்.

அவ்விளைஞருக்கு மனு எழுதித் தந்தோம். பதில் இன்னும் வரவில்லை. எழுத உதவி வேண்டுவோர் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வரலாம், நாம் அங்கிருப்போம்.