மேட்டில் ஏறும் கூடுதல் கிலோ

கோத்தகிரி, குன்னூர் பக்கம் சிறு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனால் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "முன்ன மாதிரி யாரும் மேடு ஏறுறதில்லை சார், பாதியிலேயே உட்கார்ந்துடுறாங்க." ஆள் பற்றாக்குறை, சோம்பல், செல்போன் என்று காரணங்களையும் தோட்டக்காரரே அடுக்கிவிடுவார். உடல் எடையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

2015-16இல் தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 30.9 சதவீதம் பேர் கூடுதல் எடையுடன் இருந்தார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் அது 40.4 சதவீதம். அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை. ஆகவே 'உடம்பு பூசினாற்போல இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறார்' என்ற கணக்கு தப்பு.

155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 55 கிலோ வரை எடை இருக்கலாம். அவர் 70 கிலோ இருந்தால், ஒரு கொழுந்து கிள்ளுவதற்கு முன்பே 15 கிலோ இலை மூட்டையோடு மேடு ஏறுகிறார். அந்த மூட்டையை எடை மேடையில் இறக்கவும் முடியாது, அதற்குக் கூலியும் கிடையாது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

பருமனானவரின் கால் தசையில் வலு குறைவு என்று நினைக்க வேண்டாம். பலருக்கு அதிகமாகவே இருக்கும். ஆனால் தூக்க வேண்டிய உடலோடு ஒப்பிட்டால் அது போதாது. தசைக்குள்ளும் கொழுப்பு படிகிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசை எடுத்துக்கொள்ளும் திறனும் மங்குகிறது. கையை நீட்டிப் பிடித்தபடியே செய்யும் வேலையில் இந்தச் சோர்வு சீக்கிரம் தெரியும். கொழுந்து பறிப்பது அப்படிப்பட்ட வேலைதான். கத்தரியும் பேட்டரி இயந்திரமும் இன்னும் கூடுதலாக அப்படி. இயந்திரம் வந்தால் உழைப்பு மிச்சம் என்கிறார்கள். பறிக்கும் கிலோ கூடுவது உண்மை. ஆனால் அதன் பாரத்தை மணிக்கணக்கில் தாங்குவது தோளும் இடுப்பும்.

எனவே களைத்த பிறகு விடும் நீண்ட ஓய்வைவிட, களைக்கும் முன்பே விடும் ஐந்து நிமிட ஓய்வு பலன் தரும். கத்தரியை ஒருவரே நாள் முழுக்கப் பிடிக்காமல் இருவர் மாற்றிக்கொள்ளலாம். சரிவின் நடுவிலேயே இலையை எடை போட இடம் ஒதுக்கினால் ஏற்றமும் இறக்கமும் பாதியாகும்.

தேநீரையும் சொல்லியாக வேண்டும். தேயிலை விளைவிக்கும் நாமே குவளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு ஐந்து முறை குடித்தால் சுமார் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் உச்ச வரம்பே அவ்வளவுதான். கூடவே வர்க்கி வேறு. அதற்காக ராகிக் களியை இஷ்டம்போல் சாப்பிடலாம் என்றில்லை, அதற்கும் அளவு உண்டு.

விரிவாக்கப் பணியாளர்கள் மண் மாதிரிப் பையோடு ஓர் அளவு நாடாவும் எடுத்துச் செல்லலாம். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால், 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு இரத்தசோகைப் பரிசோதனையும் சேர்த்து.