பக்கத்துத் தெருவின் மொழி

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தமிழ்க் கருத்தரங்கைக் கூட்டிப் பாருங்கள். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உள்ள உறவைப் பற்றிக் கட்டுரை வாசிக்க நான்கு பேர் வருவார்கள். கொரிய மொழிக்கு இருவர், சுமேரியத்துக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. சாத்தூரிலும் இராசபாளையத்திலும் சிவகாசியைச் சுற்றிய கரிசல் கிராமங்களிலும் வீட்டுக்குள் பேசப்படும் தெலுங்கைத் தமிழோடு ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதிவர ஒருவரும் இல்லை. இதைச் சோம்பல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சோம்பேறி அவ்வளவு தொலைவு போகமாட்டான்.

இக்கட்டுரைகளின் செய்முறை எளிது. அகராதியைப் புரட்ட வேண்டும். காதுக்கு ஒத்து ஒலிக்கும் சொற்களை இரு பத்தியாக எழுத வேண்டும். 'தமிழே மூலம்' என்று முடிக்க வேண்டும். கொரியக் குழந்தையும் தந்தையை 'அப்பா' என்கிறது என்றதும் அரங்கம் கைதட்டுகிறது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை. அதற்காகத் தாய்மாமனையும் தந்தையையும் குழப்பிய ஓர் ஆதித் தமிழ்க்குடி காக்கேசிய மலைக்குப் போயிற்று என்று கொள்வதா? மழலை வாயில் எளிதில் வரும் ஒலிகளைப் பெற்றோர் தமக்குரிய பெயர்களாக எடுத்துக்கொள்வது உலகெங்கும் நிகழ்வது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கிலத்தின் 'பேட்' என்பதற்கும் அதே பொருள். இரு மொழிகளும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் இவ்விரு சொற்களுக்குள் உறவில்லை. தற்செயலுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஜப்பானியத் தொடர்பை முன்வைத்த சுசுமு ஓனோவின் (1919–2008) உழைப்பை நாம் இகழவில்லை. அவர் வெறும் ஒலியொப்புமையோடு நிற்காமல் ஒலி இயைபுகளையும் காட்ட முயன்றவர். ஆனால் மொழியியலாளருள் மிகப் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. நம் மேடைகளில் முதற்செய்தி மட்டுமே சொல்லப்படுகிறது. இரண்டாவது செய்தி தேநீர் இடைவேளைக்குப் பிறகும் வருவதில்லை.

ஒப்பிடத் தெரிந்தவருக்கு நம் பட்டாசு நாடே போதும். தமிழில் நெருப்பு, தெலுங்கில் நிப்பு. தமிழில் மருந்து, தெலுங்கில் மந்து. பருப்பு அங்கே பப்பு. இருப்பை அங்கே இப்ப. நான்கிலும் இடையில் நின்ற 'ரு' தெலுங்கில் உதிர்ந்திருக்கிறது. (நெருப்பின் முதலுயிர் மாறியது தனிக்கதை.) ஒரு சொல் ஒத்திருந்தால் அது வியப்பு, ஒரே மாற்றம் வரிசையாக நிகழ்ந்தால் அதுவே உறவு. இன்னும் பாருங்கள்: ஏழு அங்கே ஏடு, கோழி அங்கே கோடி. பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரத்துக்குத் தனியெழுத்தே இருந்தது. பிற்காலத்தில் அவ்வொலி மறைந்தது. உரல் 'ரோலு' ஆனதும், அவர் 'வாரு' ஆனதும், சொல்முதல் உயிர் இடம் மாறிய இன்னொரு வரிசை. மேலும், மருந்து என்றால் தமிழில் நோய்க்கு உண்பதும் வெடியில் அடைப்பதும். தெலுங்கு மந்துக்கும் அவ்விரு பொருளும் உண்டு. சிவகாசியில் நின்றுகொண்டு இதைக் கவனியாதவர் ஜப்பானில் எதைக் கவனிக்கப் போகிறார்?

உறவில்லாத மொழிகளை ஒப்பிடவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. காக்கேசியத்து அப்காசிய மொழியையும் நடு ஐரோப்பிய ஸ்லோவாக் மொழியையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். ஸ்லோவாக் தன் பெயர்ச்சொல்லில் ஆறு வேற்றுமைகளை ஏற்றி, யார் யாருக்குச் செய்தார் என்பதைக் காட்டுகிறது; அப்காசியமோ எழுவாய், செயப்படுபொருள், கொள்வோன் அனைத்தையும் வினைக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. இரண்டையும் பார்த்தபின் நம் வேற்றுமையியலும் வினையியலும் புதிதாய்த் தெரியும். அவ்வொப்பீட்டில் யாரும் யாருக்கும் பாட்டன் ஆவதில்லை. நம்மவர்க்கோ ஒப்பீடு என்றாலே வம்சாவளிதான்.

அந்த வம்சாவளிப் பித்து பக்கத்து வீட்டையும் விடுவதில்லை. தெலுங்கு 'சிதைந்த தமிழ்' என்று வகுப்பறையில் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ், தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததன்று, தமிழ், கன்னடத்தின் உறவுமொழி என்று 1816இல் நிறுவினார். 1819இல் அவர் இறந்தது இராமநாதபுரத்தில். நம் மாவட்டம் 1985 வரை அப்பெயருடைய மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. இவர்கள் காட்டியவை உடன்பிறந்த மொழிகள். தாயும் மகளும் அல்ல. தமிழ்ச் செவி கன்னடத்தில் 'கிவி'. இங்கே பழைய ககரத்தைக் காத்தது கன்னடம், மாறியது தமிழ். இதைச் சொன்னால் தமிழுக்கு இழுக்கு என்று பதறுபவர்கள் தமிழை மொழியாகப் பார்ப்பதில்லை, குலதெய்வமாகப் பார்க்கிறார்கள்.

இதன் விலையைச் செலுத்துபவர்கள் நம் மாணவர்கள். வீட்டில் என்ன மொழி என்று வகுப்பில் கேட்டால், தெலுங்கு பேசும் பிள்ளை முதலில் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறது. ஆண்ட பரம்பரையின் மொழி என்று ஒரு கேலி. அருந்ததியர் வீட்டுப் பிள்ளையாயின் அதே தெலுங்கு வேறொரு இழிவுக்கு அடையாளம். பெரும்பாலோர் தெலுங்கு எழுத்து அறியாதவர். மொழி முழுக்க வாயில்தான் இருக்கிறது. பாட்டியோடு பேசி, பெற்றோரோடு பாதி பேசி, பிள்ளைகளோடு நிறுத்திவிடுகிறார்கள். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கி. ராஜநாராயணன் கரிசல் தமிழுக்கு அகராதி தொகுத்தார். 'கோபல்ல கிராம'த்தில் அம்மக்கள் தெற்கே வந்த கதையை எழுதினார். நாம் அவருக்கு விழா எடுத்தோம். அவர் வீட்டு மொழியைக் காதுகொடுத்துக் கேட்டோமா?

தெலுங்கை ஆய்வது தெலுங்குத்துறையின் வேலையன்றோ என்பார்கள். பல நூற்றாண்டுகளாகத் தமிழோடு ஒரே முற்றத்தில் புழங்கிய தெலுங்கு இது. எது உடன்பிறப்பாக வந்த சொல், எது தமிழிலிருந்து கடன் வாங்கியது என்று பிரித்தறிய, இந்த மண்ணின் வட்டாரத்தமிழ் தெரிந்திருக்க வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கேட்டு வருபவர்களும் நம்மிடம்தான் வருகிறார்கள்.

பட்டாசு ஆலையில் பகலெல்லாம் 'மருந்து' என்று சொல்லும் ஒரு தெலுங்கு வீட்டுப் பெண், மாலையில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கொடுப்பது மந்தா, மருந்தா? அடுப்பில் மூட்டுவது நிப்பா, நெருப்பா? அவர் மாமியார் என்ன சொல்கிறார், மகள் என்ன சொல்கிறாள்? இதைக் கேட்டு எழுதிவர விமானச்சீட்டு தேவையில்லை. விருதுநகரிலிருந்து சாத்தூருக்குப் பேருந்து இருக்கிறது.