பாரிஸ் டு லிஸ்பன்: தண்டவாளம் இருக்கு, டிக்கெட் எங்கே?

ஐரோப்பான்னா ரயில், ரயில்னா ஐரோப்பா என்று நம்ம ஊரில் ஒரு நினைப்பு உண்டு. பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியணும்னா பாரிஸில் இருந்து லிஸ்பனுக்கு ரயிலில் போக ஒரு திட்டம் போட்டுப் பாருங்க. விமானத்தில் இரண்டரை மணி நேரம். ரயிலில் போனால் நடுவில் ஒரு ராத்திரி எங்கேயாவது லாட்ஜ் போட்டே ஆகணும்.

2020 மார்ச் வரைக்கும் நிலைமை இப்படி இல்லை. மதியம் பாரிஸில் டிஜிவி பிடிச்சா சாயங்காலம் ஸ்பெயின் எல்லை. அங்கே சூட் எக்ஸ்பிரஸில் மாறி ஏறிப் படுத்தா, காலையில் லிஸ்பன் சாந்தா அப்போலோனியா ஸ்டேஷன். ஒரே ஒரு மாற்றம், அவ்வளவுதான். கொரோனாவுக்காக நிறுத்தினாங்க. மாட்ரிட் - லிஸ்பன் ராத்திரி வண்டியான லூசித்தானியாவும் அப்பவே நின்னுது. கொரோனா போயிடுச்சு, இந்த ரெண்டு வண்டியும் திரும்பலை.

சூட் எக்ஸ்பிரஸ் சாதாரண வண்டி இல்லீங்க. 1887-ல் பணக்காரங்களுக்கான சொகுசு வண்டியாக ஆரம்பிச்சது. 1960-களில் அது அப்படியே தலைகீழாச்சு. சர்வாதிகாரத்துக்கும் ஆப்பிரிக்காவில் நடந்த காலனிப் போருக்கும் தப்பிச்சு, அட்டைப் பெட்டியோட பிரான்சுக்குக் கூலி வேலைக்குப் போன போர்ச்சுக்கீசியர்கள் இந்த வண்டியில்தான் ஊருக்கும் பாரிஸுக்குமாக அலைஞ்சாங்க. 1974 ஏப்ரல் புரட்சி முடிஞ்ச மூணாவது நாள், பாரிஸில் நாடு கடந்து வாழ்ந்த மாரியோ சோரெஸ் லிஸ்பன் வந்து இறங்கினதும் இதே வண்டியில்தான். ஸ்டேஷனே கொள்ளாத கூட்டம். பின்னாடி அவர் பிரதமர் ஆனார், ஜனாதிபதியும் ஆனார். அப்படிப்பட்ட வண்டியை ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கூட வழியனுப்பாமல் விட்டுட்டாங்க.

இந்த ஆராய்ச்சி எனக்கு எதுக்குன்னா, பாரிஸில் இருக்கிற ஒரு நண்பனுக்குக் காதில் ஆபரேஷன். கொஞ்ச நாளைக்கு விமானமே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். லிஸ்பனில் இருக்கும் தங்கைக்குத் தலைப்பிரசவம், கூடமாட இருக்க இவனை விட்டா அங்கே ஆள் இல்லை. "நீதான் ரயில் பைத்தியமாச்சே, ஒரு வழி சொல்லுடா"ன்னான். உட்கார்ந்தேன்.

வரைபடத்தைப் பார்த்தா நேர் வழி அந்தாய் வழிதான். பாரிஸ் மோன்பார்னாஸில் ஏறினா சுமார் அஞ்சு மணி நேரத்தில் அந்தாய், அதாவது பிரான்சின் கடைசி ஊர். அங்கே இருந்து சான் செபாஸ்தியனுக்கு ஒரு குட்டி ரயில் ஓடுது. நம்ம பழைய மீட்டர் கேஜ்! உள்ளூர்க்காரங்க அதுக்கு வச்சிருக்கிற செல்லப் பேர் 'தோபோ', அகழெலின்னு அர்த்தம். சுரங்கத்துக்குள்ளேயே பாதி வழி போகுதில்ல, அதான். ஸ்பெயினின் பழைய பாதைகள் 1668 மில்லிமீட்டர் அகலம், பிரான்ஸ் 1435. நம்ம பிராட் கேஜ் 1676. எட்டே மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அந்த வகையில் ஸ்பெயின் நமக்குச் சொந்தக்காரன் :-) ஆனா இந்த அகல வித்தியாசத்தால்தான் எல்லையில் இறங்கி ஏறும் வழக்கமே வந்தது.

நான் சொன்னது இந்த வழி இல்லை. சான் செபாஸ்தியன் பக்கம் இருந்து வரும் வண்டி மாட்ரிட்டின் வடக்கே சமார்த்தின் ஸ்டேஷனில் கொண்டு போய் விடும். மறுநாள் போர்ச்சுகல் எல்லைப் பக்கம் போற வண்டி தெற்கே அத்தோச்சாவில் கிளம்பும். அதுக்குப் பதில் பார்சிலோனா சுத்திப் போறதே மேல். பாரிஸ் கார் த லியோனில் காலையில் ஏறினா ஏழு மணி நேரத்துக்குள் பார்சிலோனா, அங்கே இருந்து இரண்டரை மூணு மணி நேரத்தில் அத்தோச்சா. ராத்திரி ஸ்டேஷன் பக்கத்திலேயே தூக்கம்.

மறுநாள்தான் சோதனை. மாட்ரிட்டில் இருந்து பாதாஹோஸ், அங்கே இருந்து ஒரு சின்ன டீசல் வண்டியில் போர்ச்சுகலின் என்த்ரோன்காமெந்தோ, அங்கே மாறி லிஸ்பன். பக்கத்துப் பக்கத்து நாடுகளின் தலைநகரங்களுக்கு நடுவில் மூணு வண்டி! அந்த டீசல் வண்டி ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணுகிற தடவைதான் ஓடும். அதைத் தவற விட்டா பாதாஹோஸ் கோட்டையைச் சுத்திப் பார்க்கலாம், வேற வேலை இல்லை. போதாக்குறைக்குப் போர்ச்சுகல் கடிகாரம் ஸ்பெயினை விட ஒரு மணி நேரம் பின்னாடி. அட்டவணையில் ரெண்டு நேரத்தையும் அப்படியே கழிச்சுப் பார்க்கிறவன் மாட்டிக்குவான். ஆனா ஒண்ணு, கடைசியில் தேஜோ ஆற்றை ஒட்டியே வண்டி போகும்போது ஆத்து நடுவில் ஒரு தீவில் அல்மோரோல் கோட்டை தெரியும். அதுக்காகவே ஜன்னலோரம் உட்காரலாம்.

இதில் எனக்குக் கோபம் வருவது வேகத்தைப் பத்தி இல்லை. மெதுவாகப் போனா போகட்டும். இந்த அஞ்சு வண்டிக்கும் சேர்த்து ஒரே இடத்தில், ஒரே டிக்கெட்டாக வாங்க முடியலையே, அதுதான். பிரான்ஸ் பக்கம் மாசக்கணக்கில் முன்னாடியே முன்பதிவு திறந்துடும். ஸ்பெயினில் எப்போ திறப்பாங்கன்னு தினமும் எட்டிப் பார்க்கணும். ஒண்ணை வாங்கிட்டு இன்னொண்ணுக்குக் காத்திருக்கும்போது முதல் டிக்கெட் சூதாட்டம் மாதிரி ஆயிடுது.

விமானத்தில் ஒரே டிக்கெட்டில் ரெண்டு விமானம் மாறிப் போறீங்க, முதல் விமானம் லேட், அடுத்ததை விட்டுட்டீங்கன்னா, போக வேண்டிய ஊரில் கொண்டு சேர்ப்பது அவங்க பொறுப்பு. 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியம் அதுக்கு விதி போட்டு, நஷ்ட ஈட்டுத் தொகை வரைக்கும் எழுதி வச்சிருக்கு. ரயிலுக்கும் 2023 ஜூனில் இருந்து புது விதி அமலில் இருக்கு. ஆனா அதன் முழுப் பாதுகாப்பு 'ஒரே பயணம்' என்று சேர்த்து விற்ற டிக்கெட்டுக்குத்தான். தனித்தனியா வாங்கினா ஒவ்வொண்ணும் தனி ஒப்பந்தம். பார்சிலோனாவுக்கு லேட்டா வந்த வண்டிக்காரன் மாட்ரிட் வண்டிக்குப் பதில் சொல்ல மாட்டான். சேர்த்து விற்கவே மாட்டேன்னா அப்புறம் அந்த உரிமையை எங்கே போய்த் தேடுறது? இதுக்கு நடுவில் விமான எரிபொருளுக்கு சர்வதேசப் பயணத்தில் வரி கிடையாது. "சுற்றுச்சூழலுக்காக ரயிலில் போங்க"ன்னு போஸ்டர் மட்டும் ஒட்டுவாங்க.

அதனால நண்பனுக்கு நான் சொன்ன திட்டம் கஞ்சத்தனம் பார்க்காத திட்டம். பார்சிலோனாவில் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வை. ஸ்பெயினில் நெடுந்தூர வண்டிகளுக்குப் பெட்டியை ஸ்கேன் பண்ணித்தான் உள்ளே விடுவாங்க, நம்ம ஊர் மாதிரி ஓடிப் போய்த் தொத்திக்க முடியாது. மாட்ரிட் லாட்ஜை ரத்து செய்யக்கூடிய மாதிரி போடு. பாதாஹோஸ் வண்டி நேரத்தை முதலில் பார்த்துட்டு, அதிலிருந்து பின்னோக்கி மத்ததை எல்லாம் பொருத்து. பிரசவத் தேதிக்கு நாலு நாள் முன்னாடியே கிளம்பு.

மாட்ரிட் - லிஸ்பன் பயணத்தை 2030-க்குள் அஞ்சு மணி நேரமாகவும், 2034-க்குள் மூணு மணி நேரமாகவும் குறைப்போம்னு ஐரோப்பிய ஆணையம் 2025-ல் சொல்லியிருக்கு. டிக்கெட்டை யார் விற்பாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்கப்பா. அதுவரைக்கும் போறவங்க அத்தோச்சாவில் பழைய ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ள இருக்கும் தோட்டத்தைப் பார்க்காம வந்துடாதீங்க. பெரிய பெரிய பனை மரமெல்லாம் கூரைக்குள்ளேயே நிக்குது. குளத்தில் நிறைய ஆமைகளும் இருந்தது, 2018-ல் அதுங்களை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க.