அமரும் இடமும் அமானிதமே

சேத்தூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் வாலிபர்களை, மாலையில் சலுகை விலைக்கு மது விற்கும் மெக்சிகன் உணவகங்களுக்கு அலுவலக நண்பர்கள் அழைக்கின்றனர். ‘ஹேப்பி ஹவர்’ என்பது அதன் பெயர். மேசையில் டெக்கீலா கலந்த மார்கரிட்டா சுற்றிவரும். “நான் எலுமிச்சைச் சாறு மட்டுமே அருந்தினேன்” என்கிறார்கள் நம் பிள்ளைகள்.

திருக்குர்ஆன் (5:90) மதுவை விலக்கியது. நபி (ஸல்) அவர்களோ மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே தடுத்தார்கள் (திர்மிதி). ஆகவே, குவளையை மட்டுமன்றி அமரும் இடத்தையும் மார்க்கம் கவனிக்கிறது.

எனினும், மறுப்பு நட்பை முறிக்க வேண்டியதில்லை. மது இல்லாத உணவகத்திற்கு நண்பர்களை நாமே விருந்துக்கு அழைக்கலாம்.

பெற்றோர்களே! “குடித்தாயா?” என்று பின்னர் விசாரிப்பதைவிட, கண்ணியமாக மறுக்கும் முறையை முன்னரே கற்றுக்கொடுங்கள். அல்லாஹ் நம் சந்ததிகளைக் காப்பானாக!