வீட்டிலிருந்தும் பட்டம் பெறலாம்

ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, பிள்ளை குட்டியென்று ஆனபின் ஏங்குவோர் பலர். "இனி எங்கே படிப்பது?" என்கிறார்கள்.

பட்டத்துக்கு விடுதி வாசம் கட்டாயமில்லை. எங்கிருந்து படித்தவரும் பரீட்சை எழுதலாமென 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் வழிவிட்டது. 1878இல் பெண்களும் பட்டம் பெற வழிதிறந்தது. நமது நாட்டில் 1980இல் உருவான திறந்த பல்கலைக்கழகத்தில், உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைக் கற்கையில் தொடங்கலாம். பெரும்பாலும் வீட்டிலிருந்தே படித்து, பாடம் பாடமாகச் சித்தியடைந்து, பட்டத்தை எட்டலாம். மட்டக்களப்பிலும் அதற்கு நிலையமுண்டு.

ஆனால் திட்டம் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பாடம்? கட்டணம் எவ்வளவு? பரீட்சை நாளில் பிள்ளையை யார் பார்ப்பது? கையிலுள்ள சான்றிதழுக்குப் பாடவிலக்கு உண்டா என்பதையும் பதியுமுன் கேட்டறியுங்கள்.

கணவன்மாரே! மூன்றாவது கேள்விக்கு விடை நீங்கள்தான்.